மெட்ரோ ரயிலில் மிதிவண்டிக்கு அனுமதி: தொழிலாளியின் வண்டிக்கு இடம் உண்டா?

புதுடெல்லி: மிதிவண்டியுடன் மெட்ரோ ரயிலில் பயணிக்கலாம் என்ற அறிவிப்பை நாட்டின் பல நகரங்கள் கடந்த சில ஆண்டுகளில் வெளியிட்டுள்ளன. சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் உடற்பயிற்சிக்காக மிதிவண்டி ஓட்டுவோரும் இதனை வரவேற்றனர். ஆனால், வேறு வாகனம் வாங்க வசதியின்றி நாள்தோறும் மிதிவண்டியில் வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கு இந்த அனுமதிகள் எந்த அளவுக்குப் பயன்படுகின்றன என்பது தனியே ஆராயப்பட வேண்டியதாகும்.

இந்தக் கேள்வி சிறுபான்மையோரைப் பற்றியதன்று. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் ஏறத்தாழ பாதிக் குடும்பங்களிடம் மிதிவண்டி உள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, வேளாண்மை மற்றும் வீட்டுத் தொழில் தவிர்த்த பிற பணிகளில் இருந்தோரில் சுமார் 13 சதவீதம் பேர், அதாவது 2.6 கோடிக்கும் அதிகமானோர், மிதிவண்டியிலேயே பணிக்குச் சென்று வந்தனர்.

கொச்சி காட்டிய வழி

2020 நவம்பரில் கொச்சி மெட்ரோ, முதலில் 6 நிலையங்களில் மட்டும் மிதிவண்டியுடன் பயணிகளை அனுமதித்தது. வரவேற்பு கிடைத்ததால் அந்த வசதி மற்ற நிலையங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மிதிவண்டிக்கெனத் தனிக் கட்டணம் விதிக்கப்படவில்லை. நாக்பூர் மெட்ரோவும், 2022-ல் சேவை தொடங்கிய புனே மெட்ரோவும், மும்பையின் 2ஏ மற்றும் 7-ஆம் வழித்தடங்களும் இதே பாதையில் சென்றன.

பெங்களூரு சற்றே வேறுபட்ட முடிவை எடுத்தது. அங்கு 2022-ல் மடக்கு மிதிவண்டிகளுக்கு மட்டுமே அனுமதி தரப்பட்டது. எடை 15 கிலோவைத் தாண்டக் கூடாது, மடக்கிய நிலையில் உறையிட்டிருக்க வேண்டும், கடைசிப் பெட்டியில் மட்டுமே ஏற வேண்டும் என்பன நிபந்தனைகள்.

இந்த நிபந்தனைகள் யாரை உள்ளே விடுகின்றன, யாரை வெளியே நிறுத்துகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். காவலாளி, கட்டுமானத் தொழிலாளி, பால் வியாபாரி ஆகியோர் ஓட்டுவது இரும்புச் சட்டம் கொண்ட சாதாரண மிதிவண்டி. அதன் எடை சுமார் 20 கிலோ. அதை மடக்க இயலாது. மடக்கு மிதிவண்டியின் விலையோ அதைவிடப் பல மடங்கு அதிகம். எனவே, அத்தகைய விதியால் பயன்பெறுவோர் பெரும்பாலும் வேறு வாகனம் வாங்கும் வசதியும் உடையவர்களே.

இந்திய ரயில்வேயின் நிலையும் இதைவிட எளிதானதாக இல்லை. பயணிகளுக்கு வழங்கப்படும் இலவசச் சுமை வரம்பு மிதிவண்டிக்குப் பொருந்தாது. அதன் உண்மையான எடை எதுவாக இருப்பினும், கட்டணக் கணக்கில் 40 கிலோவாகவே கொள்ளப்படுகிறது. தனியே பதிவு செய்து, சரக்குப் பெட்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஊர் மாறிச் செல்வோருக்கு இது போதுமானது. தினமும் வேலைக்குச் சென்று திரும்புவோருக்கு உதவாது.

நெரிசல் நேரச் சிக்கல்

மறுபக்கத்தில், ரயில் நிர்வாகங்களின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. காலை நெரிசலில் ஒரு மிதிவண்டி, இரண்டு மூன்று பயணிகள் நிற்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அவசர நேரத்தில் பயணிகள் வெளியேறும் வழியையும் அது மறிக்கக் கூடும். மிதிவண்டிக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்திலேயே, வார நாட்களில் காலை, மாலை நெரிசல் வேளைகளில் மடக்க இயலாத மிதிவண்டிகளை ரயிலில் ஏற்ற அனுமதி இல்லை.

எனினும் அந்நாடு தடையோடு நின்றுவிடவில்லை. ரயில் நிலையங்களிலேயே பெரும் நிறுத்துமிடங்களைக் கட்டியது. உட்ரெக்ட் மத்திய ரயில் நிலையத்தில் மட்டும் 12,500 மிதிவண்டிகளை நிறுத்தலாம். இறங்கும் நிலையத்தில் ரயில்வேயே வாடகைக்கு மிதிவண்டி தருகிறது. ஆகவே, பயணி தன் வண்டியைப் பெட்டிக்குள் ஏற்ற வேண்டிய தேவையே பெரும்பாலும் எழுவதில்லை.

பேருந்துகளைப் பொறுத்தவரை, பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகம் சில பேருந்துகளின் முன்புறத்தில் மிதிவண்டித் தாங்கிகளைப் பொருத்திப் பார்த்தது. ஒரு பேருந்தில் இரண்டு மிதிவண்டிகளை ஏற்றலாம். பேருந்துகள் அரிதாக வரும் புறநகர் வழித்தடங்களில் இது உதவும். ஆயினும், மூன்றாவதாக நிற்பவர் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பதால், பெருந்திரளான தொழிலாளர்களுக்கு இதுவே தீர்வாகிவிடாது.

கொள்கையும் நடைமுறையும்

வாகனங்களை விட மனிதர்களின் போக்குவரத்துக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறியது. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை, நிலையங்களைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலான பகுதிக்கு இணைப்பு வசதிகளை மாநிலங்கள் உறுதிசெய்ய வேண்டும் என்றும், நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் அவற்றில் அடங்கும் என்றும் வலியுறுத்துகிறது. 5 கிலோமீட்டர் என்பது மிதிவண்டியில் சுமார் 20 நிமிடப் பயணம். அந்தத் தூரத்தை ஷேர் ஆட்டோவில் கடப்பவர், மெட்ரோ கட்டணத்துடன் அதற்கும் சேர்த்துத் தம் கூலியிலிருந்து செலவிட வேண்டியுள்ளது.

தமிழ்நாடு, பிகார், மேற்கு வங்கம் உள்ளிட்ட மாநிலங்கள் பள்ளி மாணவர்களுக்கு அரசுச் செலவில் மிதிவண்டி வழங்குகின்றன. பள்ளி முடித்து நகரத்துக்கு வேலை தேடி வரும்போது, அதே மிதிவண்டிக்குச் சாலையிலும் இடமில்லை, ரயில் நிலையத்திலும் இடமில்லை என்ற நிலை உள்ளது. மிதிவண்டி வைத்திருக்கும் குடும்பங்களின் விகிதம் மிக அதிகமாக உள்ள மேற்கு வங்கத்தின் தலைநகரான கொல்கத்தாவில், 2013-ல் 170-க்கும் மேற்பட்ட சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அந்தப் பட்டியல் சுருக்கப்பட்டது.

செய்ய வேண்டியவை

நெரிசல் இல்லாத நேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் மடக்கு வண்டி, சாதாரண வண்டி என்ற வேறுபாடின்றி எல்லா மிதிவண்டிகளையும் அனுமதிப்பது, பெரிய செலவின்றிச் செய்யக்கூடிய முதல் மாற்றமாகும். இரவுப் பணி முடித்து நண்பகலில் திரும்புவோருக்கும், அதிகாலையில் வேலைக்குச் செல்வோருக்கும் அதனால் நேரடிப் பயன் கிடைக்கும்.

நெரிசல் நேரப் பயணிகளுக்குத் தேவைப்படுவது நிலைய வாயிலில் கூரையும் காவலும் உள்ள, மாதக் கட்டணம் குறைந்த நிறுத்துமிடம். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து மிதிவண்டிகளை நிறுத்த முடியும் என்பதால், இடப் பற்றாக்குறையைக் காரணம் காட்டுவது கடினம். இறங்கும் முனையில், பணியிடம் வரை செல்ல வாடகை மிதிவண்டியோ இணைப்புப் பேருந்தோ இருந்தால் பயணம் முழுமை பெறும்.

மிதிவண்டிக்கு அனுமதி என்ற அறிவிப்பின் வெற்றியைத் தொடக்க நாள் புகைப்படங்களைக் கொண்டு மதிப்பிட இயலாது. காலை 6 மணிக்குச் சாப்பாட்டுப் பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வரும் தொழிலாளி, தன் பழைய வண்டியை நம்பிக்கையுடன் விட்டுச் செல்லவோ உடன் ஏற்றிச் செல்லவோ முடிகிறதா என்பதே அதற்கான அளவுகோலாக அமையும்.