நம்பிக்கையும் துப்பும்: நவாஹோ களத்தில் ஒரு கொலைப் புதினம்

டோனி ஹில்லர்மன் எழுதிய ‘ஸ்கின்வாக்கர்ஸ்’ (1986) என்னும் துப்பறியும் புதினம், நவாஹோ பண்பாட்டை அறிய உதவும் ஆவணமாகவும் படிக்கப்படுகிறது. இவ்வாசிப்பு மறுபரிசீலனைக்குரியது. புதினத்தின் வலிமை ஆவணத்தன்மையில் இல்லை. நம்பிக்கையைத் துப்புத்துலக்கலின் தருக்கமாக்கியதில் உள்ளது.

அமெரிக்கத் தென்மேற்கிலுள்ள நவாஹோ நிலமே கதைக்களம். விலங்குருக் கொண்டு தீங்கிழைக்கும் சூனியக்காரர் பற்றிய அம்மக்களின் நம்பிக்கை தலைப்பாகியுள்ளது. பழங்குடிக் காவலர் ஜிம் சீ உறங்கும் வண்டிவீட்டின்மீது இரவில் துப்பாக்கிச் சூடு நிகழ்கிறது. பின்னர் அங்கு எலும்பு மணி ஒன்று கிடைக்கிறது. சூனியக்காரர் எலும்புத்துண்டை உடலில் செலுத்தி நோயூட்டுவர் என்பது நம்பிக்கை. எனவே அம்மணி சுட்டவரின் அச்சத்தையும் சுட்டும் தடயமாகிறது. நவாஹோ மரபை அறியாத காவலருக்கு அது வெறும் மணியே.

மூத்த காவலர் ஜோ லீப்ஹார்ன் சூனியத்தை நம்பாதவர். எனினும் பிறரது நம்பிக்கை கொலைக்குக் காரணமாகும் என்பதை அறிந்தவர். சீயோ சடங்குப் பாடகராகப் பயில்பவர். இவ்விருவர் பார்வையும் இணைந்தே உண்மை துலங்குகிறது. இறுதியில், மக்களின் அச்சத்தைத் தன் மோசடியை மறைக்கும் கருவியாக்கிய மருத்துவரே குற்றத்தின் மூலம் என்பது வெளிப்படுகிறது. நம்பிக்கையைப் பழிக்காமல், அதனைச் சுரண்டியவரைச் சுட்டுவது இப்புதினத்தின் அறநிலைப்பாடு எனலாம்.

ஆயினும் ஹில்லர்மன் நவாஹோ இனத்தவர் அல்லர். நவாஹோ மக்கள் 1987இல் அவரைத் தம் சிறப்பு நண்பர் எனப் பாராட்டினர். இப்பாராட்டு அவரது கவனத்திற்குக் கிடைத்த நற்சான்று. ஆனால் சூனியக்காரர் பற்றிப் பிறரிடம் பேசுவதையே நவாஹோ மரபினர் பலர் தவிர்ப்பர். அவர்கள் பேசத் தயங்குவதைப் புதினம் அட்டையிலேயே அச்சிடுகிறது. சித்திரிப்பின் துல்லியம் வேறு. சொல்லும் உரிமை வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நிறுவ இயலாது.

ஆகவே, இப்புதினத்தைத் துப்பறியும் வகைமையின் எல்லையை விரித்த படைப்பாக மதிப்பிடுவதே பொருந்தும். நவாஹோ வாழ்வை அறிய விழையும் ஆய்வாளர், லூசி டாபஹான்சோ போன்ற நவாஹோ படைப்பாளர்களின் எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும். அப்பயிற்சிக்குப்பின் ஹில்லர்மனைப் படிக்கும்போதுதான், அவர் எதனைக் கேட்டறிந்தார், எதனைக் கதைக்காகப் புனைந்தார் என்பதைப் பிரித்தறிய முடியும்.