ஏழு பேர்ச்சஸும் ஒரு மீன்தொட்டியும்

பதுளை–பசறை வீதியை அண்டிய தோட்டமொன்றுக்குச் சில காலத்துக்கு முன்னர் சென்றிருந்தேன். சம்பளப் பிரச்சினை குறித்துச் செய்தி சேகரிப்பதே நோக்கம். லயத்தின் பின்புறம், பீலிக்குப் பக்கத்தில், இளைஞர் ஒருவர் பழுதடைந்த குளிர்சாதனப் பெட்டிகளை மல்லாத்தி வைத்து, அவற்றில் கப்பி மீன்களை வளர்த்துக்கொண்டிருந்தார். நான்கு பெட்டிகள், பாதியாக வெட்டிய இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய்கள். அவ்வளவுதான் பண்ணை. மீன்களைப் பொலித்தீன் பைகளில் அடைத்துப் பதுளைக்குக் கொண்டுசென்று விற்பதாகச் சொன்னார்.

"சீமெந்துத் தொட்டி கட்டினால் வசதியாக இருக்குமே, தம்பி?" என்று கேட்டேன்.

"கட்டலாங்க ஐயா. எடம் நம்மளது இல்லியே. ஒன்னு கட்டினேன், ஒடைக்கச் சொல்லிட்டாங்க" என்றார்.

சம்பளச் செய்தியை எழுதினேன், அது வெளிவந்தது. மீன் செய்தி எழுதப்படாமலே போயிற்று. அந்தக் கடனை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.

தோட்டத்து இளைஞர்களுக்கு நாம் அனைவரும் தவறாமல் வழங்கும் அறிவுரை ஒன்றுண்டு: "சுயதொழில் செய்யுங்கள்". அலங்கார மீன் வளர்ப்பு அந்தப் பட்டியலில் எப்போதும் இடம்பெறும். அதில் பிழையில்லை. இலங்கை அலங்கார மீன்களை ஏற்றுமதி செய்யும் நாடு. ஏற்றுமதிக்கென வளர்க்கப்படும் நன்னீர் மீன்களில் கப்பிக்கு முக்கிய இடமுண்டு. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையின் பணிகளில் இத்துறையின் வளர்ச்சியும் ஒன்று.

கப்பி முட்டையிடுவதில்லை, குஞ்சு ஈனுவது. ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஈனும். தாயே குஞ்சுகளைத் தின்றுவிடும் என்பதால் தொட்டியில் பாசியும் நீர்ச்செடியும் அடர்த்தியாக இருக்க வேண்டும். ஒருமுறை ஆணுடன் சேர்ந்த பெண் மீன், அதன் பின்னர் ஆணின்றியே பல தடவைகள் ஈனக்கூடியது. ஆகவே, நிறம் கலவாத நல்ல வர்க்கம் வேண்டுமானால், குஞ்சுகள் பருவமடையுமுன்னரே ஆண், பெண் பிரித்துத் தனித்தனித் தொட்டிகளில் விடவேண்டும். ஒரு தொட்டியோடு இத்தொழில் நடவாது என்பதற்கு இதுவே காரணம்.

ஊவாவுக்கேயுரிய இன்னொரு சிக்கல் குளிர். கப்பிக்கு 24 முதல் 28 பாகை செல்சியஸ் வரையான வெப்பம் உகந்தது. ஏறத்தாழ 2,200 அடி உயரத்திலுள்ள பதுளையில் அதைச் சமாளிக்கலாம். 4,000 அடி உயரத்துப் பண்டாரவளையிலும் அதற்கு மேலுள்ள அப்புத்தளையிலும் மார்கழி, தை இரவுகளில் மீன் சோர்ந்துவிடும். அங்கே குளிரைத் தாங்கும் தங்கமீனே பொருத்தம். இவையெல்லாம் பயிற்சியினால் தீரக்கூடியவை. பதுளை ஓயா மகாவலியில் கலப்பது. ஆதலால், வேண்டாத மீனை ஆற்றில் விடலாகாது என்பதையும் அதே பயிற்சியில் சொல்லிக்கொடுக்கலாம்.

பயிற்சியினால் தீராதது நிலம். பழைய லயக் காம்பிராவொன்று பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 120 சதுர அடி. ஒரு குடும்பம் சமைப்பதும் படுப்பதும் அதற்குள்தான். பேசப்பட்டுவரும் 7 பேர்ச்சஸ் காணியோ ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதிலே வீட்டைக் கட்டிய பின்னரும், எட்டடிக்கு நாலடியான பத்துத் தொட்டிகளுக்கு 320 சதுர அடி ஒதுக்குவது கடினமன்று. அவ்வாறு காணியும் தனிவீடும் பெற்ற குடும்பங்கள் உண்டு. லயத்திலேயே காலங்கழிப்போரும் பெருந்தொகையினர். 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களுக்கு ஒரு தொட்டி கட்டும் உரிமைகூடக் கையளிக்கப்படவில்லை.

உறுதிப்பத்திரம் இல்லாதவருக்கு வங்கிக் கடன் எட்டாக்கனி. நாளை உடைக்கச் சொல்லக்கூடிய தொட்டிக்கு இன்று சீமெந்து வாங்க எவருக்குத் துணிவு வரும்? "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முயற்சி போதாது" என்று நகரத்தில் இருந்துகொண்டு சொல்பவர்கள் அந்தக் குளிர்சாதனப் பெட்டிகளை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

கப்பியும் இந்த மண்ணுக்கு வந்தேறியதுதான். அதன் தாயகம் டிரினிடாட் தீவும் தென்னமெரிக்காவின் வடகரையும். நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் என்பதால் மலேரியாவை ஒழிக்கவென இங்கு கொண்டுவந்து விடப்பட்டது. வேலைக்கென்றே கொண்டுவரப்பட்ட இனம்! அதனிடம் எவரும் பத்திரம் கேட்கவில்லை. வேலைக்கென்றே கொண்டுவரப்பட்ட எம்மவரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பறித்தது. எஞ்சியிருந்தோருக்கு அது கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. காணிக்கான காத்திருப்பு இன்னும் முடியவில்லை.

டிரினிடாட்டின் ஓடைகளில் ஜோன் எண்ட்லர் என்ற விஞ்ஞானி கப்பிகளை ஆராய்ந்து, 1980இல் தமது முடிவுகளை வெளியிட்டார். கொன்றுண்ணும் பெரிய மீன்கள் மலிந்த நீரில் ஆண் கப்பிகள் நிறம் மங்கியிருந்தன. அந்த அச்சம் குறைந்த நீருக்கு மாற்றியபோது, சில தலைமுறைகளிலேயே அவற்றின் வழித்தோன்றல்கள் நிறம் கூடின.

மனிதரும் மீனும் ஒன்றல்ல. ஆயினும், எவரும் வந்து உடைக்கமாட்டார்கள் என்ற நிச்சயத்தோடு வாழும் குடும்பம் எவ்வளவு செய்யும் என்பதை நாம் இன்னும் பார்க்கவில்லை. சுயதொழில் பற்றிய அடுத்த கருத்தரங்குக்கு முன்னர், முதலில் அந்த 7 பேர்ச்சஸைக் கொடுங்கள். தொட்டியை அவர்களே கட்டிக்கொள்வார்கள்.