பொறுத்துப்போகச் சொல்லாதீர்கள்

‘கைடைப் பகைத்துக்கொள்ளாதே, பொறுத்துப்போ.’ ஆய்வுக்குச் சேரும் நம் பிள்ளைகளுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை இது. பொறுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் நாம் இழந்த ரோஹித் வெமுலா, ஏழு மாத உதவித்தொகை 1.75 லட்சம் ரூபாய் தனக்கு வரவேண்டியிருப்பதாகக் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார்.

கையெழுத்தைத் தள்ளிப்போடுவது, பணத்தை இழுத்தடிப்பது: வளாகத்துச் சாதி இப்படித்தான் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. தடயம் வைக்காது. அதை நாம் வைப்போம். கைடு வாயால் சொன்னதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்புவோம். அத்தியாயம் கொடுத்த தேதியைக் குறித்துவைப்போம். எந்த விண்ணப்பத்துக்கும் முத்திரையோடு நகல் வாங்குவோம். விசாரணை என்றால் தனியாகப் போகமாட்டோம்.

தோழர்களே, நம் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று எழுதப்படுவதை நாம் உயிரோடிருந்து பார்க்க வேண்டும்.