மருத்துவர் ஆகாத மருத்துவர் மகன்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான மறுநாளே நம் பள்ளி அலுவலகங்களின் வாயிலில் பெற்றோர் கூட்டத்தைக் காண்கிறோம். மேனிலை வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு என்று விண்ணப்பம் கேட்கும் இடத்தில், அருகே நிற்கும் பிள்ளையின் முகத்தையும் பாராமல், "உயிரியல்" என்று எழுதிவிடுவோர் பலர். காரணம் கேட்டால், "டாக்டருக்குப் படிக்க வைக்க வேண்டும், சிஸ்டர்" என்பதே விடை. உயிர்களைப் பற்றிய கல்வி இவர்களுக்கு வெறும் வாசற்படி. மிதித்து உள்ளே செல்வதற்கன்றி அதற்கெனத் தனி மதிப்பொன்று இருப்பதாக அவர்கள் எண்ணுவதில்லை.

இப்பெற்றோருக்கு நம் காவிரிக்கரைப் பள்ளியொன்றின் பழைய மாணவரை நினைவூட்ட விரும்புகிறோம். கும்பகோணத்தில் 1925 ஆகஸ்டு 7-ஆம் நாள் பிறந்தவர் எம். எஸ். சுவாமிநாதன். தந்தையார் சாம்பசிவன் அறுவை மருத்துவர். யானைக்கால் நோய் மலிந்திருந்த அவ்வூரில் கொசு ஒழிப்புக்கு மக்களைத் திரட்டியவர். மகனுக்குப் பதினொரு வயதானபோது தந்தை இறந்தார். இந்து சமயக் குடும்பத்தைச் சேர்ந்த அச்சிறுவன், சிறுமலராம் குழந்தை தெரேசாளின் பெயர் தாங்கிய நமது லிட்டில் பிளவர் உயர்நிலைப் பள்ளியில் பயின்று, பதினைந்தாம் வயதில் பள்ளியிறுதித் தேர்வில் தேறினான். அந்நாளில் மேனிலை வகுப்புகள் இல்லை. அவை தமிழ்நாட்டில் 1978-இல்தான் தொடங்கப்பெற்றன. எனவே மேற்படிப்புக்குத் திருவனந்தபுரம் சென்று, கல்லூரியில் விலங்கியல் பயின்றான்.

மருத்துவர் மகன் மருத்துவனாவான் என்பதே குடும்பத்தாரின் எதிர்பார்ப்பு. இன்றைய நம் இல்லங்களின் நிலையும் இதுவன்றோ? ஆனால் 1943-இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கானோர் பட்டினியாலும் அதையொட்டிய நோய்களாலும் மாண்டனர். நோயுற்றவனுக்கு மருந்து தருவதற்கு முன்னரே பசித்தவனுக்குச் சோறு வேண்டும் என்று தெளிந்த அந்த இளைஞர், விலங்கியல் பட்டத்தோடு கோவை வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில் உழவுக்கல்வி கற்கப் போகிறேன் என்று ஒரு நகரத்துப் பிள்ளை சொன்னால் உறவினர் என்ன சொல்லியிருப்பர் என்பதை வாசகர்களின் ஊகத்திற்கே விட்டுவிடுகிறோம். 1948-இல் காவல்துறை உயர்பணிக்கும் அவர் தேர்வு பெற்றார், அதையும் ஏற்கவில்லை.

நெதர்லாந்திலும், கேம்பிரிட்ஜிலும், அமெரிக்காவிலும் ஆராய்ந்துவிட்டு 1954-இல் தாயகம் திரும்பியவர், கட்டாக் நகரிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சிறிது காலம் பணியாற்றினார். நம் நாட்டு நெல் வகைகளை ஜப்பானிய வகைகளோடு இணைக்கும் முயற்சி அங்கு நடந்துகொண்டிருந்தது. நம் நெல் உயரமானது. உரம் கூடினால் கதிரின் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஜப்பானிய நெல் உரத்தை ஏற்று நிற்கும். ஆயினும் இவ்விரண்டின் வாரிசுகளில் பெரும்பாலானவை பதராய்ப் போயின. பொறுமையைச் சோதிக்கும் பணி! அத்திட்டத்தின் வழியே விளைந்த வெற்றிகளுள் ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? கும்பகோணத்திற்குப் பக்கத்திலுள்ள ஆடுதுறையிலிருந்து. 1960-களின் நடுவில் வெளியான ஆடுதுறை 27 குறுகிய காலத்தில் விளைந்து, குறுவைச் சாகுபடியின் போக்கையே மாற்றியது. நம் குடும்பங்களின் மூத்த உழவர்கள் அப்பெயரை இன்றும் மறந்திலர்.

பிற்காலத்தில் கோதுமையில் அவர் புரிந்த பணியை உலகறியும். மிகுந்த உரமும் பூச்சிமருந்தும் மண்ணைக் கெடுக்கும் என்று 1968-இலேயே எச்சரித்தவரும் அவரே. அந்த எச்சரிக்கையை நம் வயல்கள் போதிய அளவு கேட்கவில்லை என்பது நம் கருத்து. 1987-இல் உலக உணவுப் பரிசின் முதல் விருதாளரானார். 2023 செப்டம்பர் 28-இல் மறைந்தார். மறு ஆண்டு பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது.

இனி நம் பிள்ளைகளிடம் வருவோம். பாடநூலில் மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் படிக்கிறார்கள். மெண்டல் புருனோ நகரத்து அகுஸ்தீனியத் துறவி. ஆசிரியர் தகுதித் தேர்வில் இறுதிவரை தேறாதவர் என்பது எல்லாப் பாடநூலிலும் இராது. 1856 முதல் ஏறத்தாழ எட்டாண்டுகள் மடத்துத் தோட்டத்தில் அவர் செய்ததை நம் மாணவர் தம் வயல் வரப்பிலேயே கண்டறியலாம். கதிர் வெளிவந்த வயலுக்கு முற்பகலில் செல்லட்டும். நெற்பூ சிறிது நேரமே விரியும், உமி பிளந்து ஆறு மகரந்தப் பைகள் தொங்கும், பின்னர் மூடிக்கொள்ளும். தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இப்பூவைப் பிறிதொரு வகையோடு இணைக்க வேண்டுமாயின், அது விரிவதற்கு முன்பே அப்பைகளை நுண்ணிய இடுக்கியால் அகற்ற வேண்டும். இவ்வளவும் வீட்டுக் கொல்லைக்கு அப்பால் இருக்க, நம் பிள்ளைகள் நெற்பூவைக் காணாமலே மேனிலைத் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றுவிடுகின்றனர்.

மருத்துவத்தை நாம் இகழவில்லை. சிற்றூர்களுக்கு நல்ல மருத்துவர் இன்னும் தேவை. ஆனால், 2017 முதல் தமிழ்நாட்டின் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் வழியே நடைபெறுவதால், இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று எழுதிக் காத்திருக்கும் பிள்ளைகளை நம் பங்குகளில் காண்கிறோம். நெல் விற்ற பணமும் அடகு வைத்த நகையும் பயிற்சி நிலையங்களுக்குப் போகின்றன. அதனினும் கொடியது ஒன்றுண்டு. பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்ற பெண், முடிவுகள் வந்த பின் ஞாயிறு திருப்பலிக்கும் வரத் தயங்குகிறாள். கோயில் முற்றத்தில் "என்னம்மா ஆயிற்று?" என்று கேட்போர்க்கு என்ன விடை சொல்வாள்? உயிரியலில் அவள் பெற்ற அறிவு முழுதும் வீண் என்று, ஒருவரும் வாய்திறந்து சொல்லாமலே, அவளுக்கு உணர்த்திவிடுகிறோம். பெற்றோரே, அந்தப் பிள்ளை தோற்றது ஓர் இடத்திற்கான போட்டியிலேயன்றிப் படிப்பில் அன்று.

அவள் செல்லக்கூடிய இடங்கள் தொலைவில் இல்லை. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயேசு சபைத் தந்தை கே. எம். மேத்யூ 1967-இல் நிறுவிய ராபினாட் தாவரக் காப்பகம் இருக்கிறது. அவரும் மாணவர்களும் காடு மேடெல்லாம் அலைந்து செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, கண்ட இடமும் நாளும் குறித்து வைத்தனர். அந்த உழைப்பிலிருந்து தமிழகத்துச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய பெருநூல் 1980-களில் பல பகுதிகளாக வெளிவந்தது. நாம் களையென்று பிடுங்கி எறியும் வரப்புச் செடிக்கும் ஒரு பெயரும் ஒரு குடும்பமும் உண்டென்று அறிய விரும்பும் மாணவரை, விடுமுறையில் ஒருநாள் முன்னனுமதி பெற்று அங்கே அழைத்துச் செல்லலாம். திருச்சிக்குப் பேருந்துக் கட்டணம் பெரிதன்று.

தஞ்சைக்கு அருகிலேயே ஈச்சங்கோட்டையில் அரசு வேளாண்மைக் கல்லூரி ஒன்றுள்ளது. 2023 முதல் அது சுவாமிநாதனின் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கே இளநிலை வேளாண்மைப் பட்டப்படிப்பிற்கு நீட் தேர்வு வேண்டுவதில்லை. மேனிலைத் தேர்வின் மதிப்பெண்ணே கணக்கு. விண்ணப்பம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியே அனுப்பப்பட வேண்டும். கடைசி நாளைப் பள்ளியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீட் முடிவுக்காகக் காத்திருந்து அந்நாளைத் தவறவிட வேண்டாம்.