ஏரிக்கு வேலி போட முடியாதே!

வீட்டில் நீச்சல் குளம் இருந்தால் 1.2 மீட்டர் உயரத்துக்கு வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. ஆஸ்திரேலியாவில் இது சட்டம். பழவேற்காட்டு மீனவக் கிராமங்களில் வாசலைத் தாண்டினாலே தண்ணீர். எதற்கென்று வேலி போடுவது?

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்கள் மீன்பிடிப் படகில் உலா போனார்கள். படகு கவிழ்ந்து 22 பேர் பலி. பிறகு படகு சவாரிக்குத் தடை வந்தது.

‘ஏரிதானே, இடுப்பளவு தண்ணீர்’ என்பது பாதி உண்மை. பல இடங்களில் ஆழம் குறைவுதான். ஆனால், கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நீரோட்டம் ஆளையே இழுக்கும். தவிர, அது வலையும் மீனும் ஏற்றும் படகு. போட்டோ எடுக்க நாலு பேர் ஒரே பக்கம் எழுந்தால் சாய்ந்துவிடும். படகுக்காரரை மட்டும் திட்டுகிறோம். ‘ஒரே ஒரு ரவுண்டு அண்ணே’ என்று கெஞ்சுவது யார்?

சவாரி ஆசையா? முட்டுக்காடு போன்ற அரசு படகுத் துறைக்குப் போங்கள். பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிய சைஸ். வேறு கேளுங்கள். கிடைக்கவில்லையா, கரையிலேயே சுண்டல் வாங்கிக் கொடுங்கள்.