பழைய ஜீப்புக்கு வேற இன்ஜின்: மாமா கணக்கு சரியா?

சாலவாக்கத்துல எங்க மாமாகிட்ட ஒரு மகிந்திரா எம்எம் 540 ஜீப் இருக்கு. 2112 சிசி பெஜோ டீசல் இன்ஜின் இப்போ ஓய்ந்துபோச்சு. வேற இன்ஜின் வைக்கணும். "பழைய இரும்புக்கு இவ்வளவு செலவா?" என்கிறாங்க அத்தை. பி.காம். படிக்கிற நான் மாமா கட்சி!

நண்பர்களே, இது வெறும் ரிப்பேர் இல்லை. சென்னை மாநில பஸ் முதலாளி ஒருவர் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிட்டு டீசல் இன்ஜின் போட்ட வழக்கில், இன்ஜினே தனி இயந்திரம், அதற்குத் தேய்மானக் கழிவு உண்டுன்னு 1964-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதே வகை இன்ஜின் போட்டா மவுண்டிங், பெல் ஹவுசிங்னு வெட்டி ஒட்டுற வேலையும் மிச்சம்.

ஆனா ஒரு விஷயத்துல மாமா தப்பு. ஆர்சி-யில் இன்ஜின் நம்பர் மாத்த வேண்டாமாம். "யார்டா பார்க்கப் போறா?"

15 வருஷம் தாண்டின சொந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கணும். ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டியைப் பார்ப்பாங்களே! நம்பர் ஒத்துப்போகலைன்னா? திருட்டு இன்ஜினா இருந்தா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவும் இதைத்தான் பேசுது.

இன்ஜினுக்குப் பில் வாங்கணும், ஆர்டிஓ அனுமதியோட மாத்தணும், ஆர்சி-யில் ஏத்தணும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் இன்ஜின் விலை. அதுக்குக் காசு இல்லைன்னா, ஜீப் கொட்டகையிலேயே நிற்கட்டும் மாமா.