பழைய கார்ல ஸ்பீக்கர் மாத்துங்க, ஆனா சத்தத்துக்காக இல்ல

1/ டாக்டருக்கு கார் ஸ்பீக்கர்ல என்ன வேலைன்னு கேப்பீங்க. இருக்கு. பழைய கார் வச்சிருக்கவங்க, இன்னும் கார் ஓட்டுற அப்பா அம்மா இருக்கவங்க, கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/ எங்க அப்பாவோட கார் 2009 மாடல். கதவுல இருந்தது கம்பெனி மாட்டிக் கொடுத்த அதே ஸ்பீக்கர். போன வருஷம் ஊருக்குப் போறப்போ அப்பா ஓட்டினார், நான் பக்கத்து சீட். பாட்டு வரியே புரியல. அவர் வால்யூமை ஏத்திக்கிட்டே வந்தார். எதேச்சையா சைடு மிரரைப் பாத்தா, பின்னாடி 108 ஆம்புலன்ஸ். எவ்வளவு நேரமா சைரன் அடிச்சாங்களோ! கேஷுவாலிட்டில அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து ஓடுற எனக்கே கேக்கல. வெக்கமா போச்சு.

3/ அப்பாவைத் திட்டுறது ஈசி. ஆனா பாதித் தப்பு ஸ்பீக்கரோடது. பேப்பர் கோன் வெயில்லயும் ஈரத்துலயும் நைஞ்சு போகும், சுத்தியுள்ள விளிம்பு விரிசல் விடும். நிறைய பழைய கார்ல ட்வீட்டரே கிடையாது. வார்த்தையைத் தெளிவாக்குறது ச, ஸ, ஷ மாதிரி கீச்சு ஒலிகள். வயசானா காது முதல்ல இழக்கறதும் அதைத்தான். ஸ்பீக்கரும் கொடுக்கல, காதும் வாங்கல. கடைசில கை வால்யூமுக்குத்தான் போகும்.

4/ அதுக்கு ஒரு விலை இருக்கு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம். 90 டெசிபல்னா வெறும் 4 மணி நேரம். உள்காதுல இருக்கற ரோம செல்கள் செத்தா நமக்குத் திரும்ப முளைக்காது. அதுக்கு எங்ககிட்ட மாத்திரையும் இல்ல, ஊசியும் இல்ல.

5/ அதனால என் கருத்து: ஸ்பீக்கரை மாத்துங்க. கம்மி வால்யூம்லயே தெளிவா கேக்கறதுக்காக மாத்துங்க. கடையில சப்வூஃபர், ஆம்ப்ளிஃபயர்னு ஆசை காட்டினாங்க. வேண்டாம்னு சொல்லி முன் கதவு ரெண்டு மட்டும் மாத்தினோம். 4,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

6/ வாங்கும்போது பெட்டில பெருசா போட்டிருக்க "300 வாட்ஸ்"ஐ நம்பாதீங்க. அது ஒரு நொடி தாங்கற உச்சம். ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு பாருங்க. கார் ஸ்டீரியோ மேல 50 வாட்ஸ்னு எழுதியிருந்தாலும், ஒரு ஸ்பீக்கருக்கு நிஜமா தர்றது 15, 20 வாட்ஸ்தான். அதனால சென்சிட்டிவிட்டி 90 டெசிபல் கிட்ட இருக்கற, ட்வீட்டர் சேர்ந்த கோஆக்சியல் போதும். சென்சிட்டிவிட்டி 3 டெசிபல் கூடினா, பாதி பவர்லயே அதே சத்தம் வரும்.

7/ மாட்டும்போது கூடவே நில்லுங்க.
• ஒரிஜினல் வயரை வெட்ட விடாதீங்க, கப்ளர் போடச் சொல்லுங்க.
• கண்ணாடியை முழுசா இறக்கி, காந்தத்துல இடிக்குதான்னு பாருங்க.
• கதவுக்குள்ள இருக்கற பிளாஸ்டிக் ஷீட்டை கிழிச்சுப் போட்டா மழைத்தண்ணி உள்ள வரும். திரும்ப ஒட்டச் சொல்லுங்க.
• ஒரு பக்கம் மட்டும் பிளஸ் மைனஸ் மாறினா பேஸ் காணாம போகும். அதைச் சரிபண்ணாம வால்யூமை ஏத்தாதீங்க.

8/ "நல்ல ஸ்பீக்கர் போட்டா இன்னும் சத்தமாத்தானே வைப்பாங்க?" நியாயமான கேள்வி. முதல் நாள் நானே ஏத்தினேன். அதுக்கு ஒரு சோதனை இருக்கு: பக்கத்து சீட்ல இருக்கறவர்கிட்ட குரலை உயர்த்தாம பேச முடியணும். முடியலன்னா சத்தம் 85 டெசிபலைத் தொட்டிருக்கும். உடனே குறைங்க.

9/ முன்னாடி 24-ல வச்சுக் கேட்ட அப்பா இப்போ 14-ல கேக்கறார். வரி புரியுதுங்கறார். அப்படியே அவரை காது பரிசோதனைக்கும் கூட்டிட்டுப் போனேன். உங்க வீட்லயும் ஸ்பீக்கர் மாத்தின பிறகும் ஒருத்தர் வால்யூமை ஏத்தினா, இல்ல காதுல கொய்ங்னு சத்தம்னு சொன்னா, அடுத்த தடவை ஸ்பீக்கர் கடைக்குப் போகாதீங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோட காது மூக்கு தொண்டை பிரிவுக்கு வாங்க.

10/ பின்னாடி வர்ற சைரன் கேக்கற அளவுக்குப் பாட்டு கேளுங்க. நாங்க அந்த வண்டிக்காகத்தான் காத்திருக்கோம்.